ஃபைபர் கத்தறது

— ஃபைபர் கத்தறதுன்னு கம்ப்ளெயிண்ட் குடுத்திருக்கேளே மிஸ்டர் டென்சில், அது என்னன்னு கத்தறது? முதல்ல அதைச் சொல்லுங்கோ.

— ராகவன் சார், நான் கம்ப்ளெயிண்டே குடுக்கல.

— டாக்கெட் என் கையில இருக்கே. காக்ஸ் டவுன், டென்சில் வீடு, ‘ஃபைபர் கத்தலு’. எனக்கு இந்த டெலிபோன்ல இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். காப்பர் வயர் கொரகொரன்னு இரைஞ்சு கேட்டிருக்கேன். கண்ணாடி நூல் கத்தி இன்னிவரைக்கும் கேட்டதில்லை.

— சார், அது தமிழ்க் கத்தல் இல்ல. கன்னடக் கத்தலு. கத்தலுன்னா இருட்டு.

— இருட்டா?

— இருட்டு. ஃபைபர் இருட்டா இருக்குதுன்னு எழுதியிருக்காங்க.

— நான் மெட்ராஸ்லேர்ந்து மாத்தலாகி வந்து நாப்பது நாளாறது. கேண்டீன்காரன் தினம் வந்து ‘காபி பேடவா சார்’னு கேப்பான். காபியோட பேடா வேற குடுக்கறாளா, பேஷ்னு மூணு நாள் தலையை ஆட்டினேன். மூணு நாளும் காபியே வரலை.

— பேடான்னா வேணாம் சார்.

— நாலாம் நாள் தெரிஞ்சுது. அது கிடக்கட்டும். இருட்டுன்னு கம்ப்ளெயிண்ட் எதுக்குக் குடுத்தேள்?

— நான் குடுக்கல சார்! நான் குடுத்தது அப்ளிகேஷன். டார்க் ஃபைபர் வேணும்னு. நீங்க பள்ளம் தோண்டிப் போட்டுட்டு, லைட் விடாம, மண்ணுக்கடியில சும்மா தூங்க விட்டிருக்கற ஃபைபருக்கு அதான் பேரு. அதுல ஒரு ஜோடியை எனக்கு வாடகைக்கு விடுங்கன்னு கேட்டேன். உங்க ஆபீஸ்ல யாரோ ஒரு நல்ல மனுஷன் ‘டார்க்’ங்கற வார்த்தையைப் பாத்துட்டு, அய்யோ பாவம், இவன் வீட்டு ஃபைபர் இருண்டு போச்சேன்னு ரிப்பேர் புஸ்தகத்துல ஏத்திட்டான்.

— அப்ப உங்களுக்குக் கோளாறு ஒண்ணும் இல்லை.

— எனக்கு நெறைய இருக்குது சார். என் ஒய்ஃப் பெர்னதெத்தைக் கேட்டா வரிசையா சொல்லுவா. ஃபைபருக்கு இல்ல.

— எப்படியோ, இனிமே கவலை இல்லை. டாக்கெட் க்ளோஸ் ஆயாச்சு. இன்னிக்குக் காலம்பற பத்து இருபதுக்கு ரிப்பேர் முடிஞ்சுதுன்னு சின்னப்பா கையெழுத்துப் போட்டிருக்கான். இருட்டுன்னு சொன்னேள், லைட் போட்டுட்டான். இப்ப உங்க ஃபைபர் ஜம்முனு எரிஞ்சுண்டிருக்கு.

— ஜீசஸ்.

— சந்தோஷப்படுவேள்னு நெனச்சேன்.

— சார், நான் ஒம்போது மணிலேர்ந்து உங்க வாசல் பெஞ்சுல உக்காந்துகினு இருக்கறேன். டார்க் ஃபைபரைக் குடுங்கன்னு கேக்கறதுக்கு நான் வெளிய உக்காந்திருக்கச்சே, நீங்க உள்ள அதையே பிடிச்சு ரிப்பேர் பண்ணிட்டீங்களா?

— நான் மீட்டிங்ல இருந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. ரூல்படி எனக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

— சரி, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. லைட்தான் வந்துடுச்சே, அதுல எனக்கு இன்டர்நெட் வருமா?

— அதெப்படி வரும்? சாங்ஷன் இல்லாம அதுல என்ன ஓடும்? வெறும் டெஸ்ட் லைட். கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி, எரியும், அவ்வளவுதான்.

— அப்ப கல்யாணம் இல்ல, சீரியல் செட் மட்டும் இருக்குது.

— ரூல்படி அப்படித்தான். சித்த இருங்கோ, உங்க அப்ளிகேஷனை எடுக்கறேன். நீங்க யாரு? அதாவது, ஃபாரத்துல எந்தக் கட்டத்துல உங்களைப் போடறது? கஸ்டமரா, போட்டியாளரா?

— ஏன் சார், வித்தியாசம் இருக்குதா?

— நெறைய இருக்கு. கஸ்டமர்னா நான் எழுந்து நின்னு வாங்கோன்னு சொல்லணும். புது சர்குலர். போட்டியாளர்னா சுவத்துல மாட்டியிருக்கற கேபிள் மேப்பை உங்க கண்ல காட்டப்படாது. அதுவும் புது சர்குலர்.

— நான் ரெண்டும் சார். உங்க கேபிளை வாங்கி, உங்களுக்குப் போட்டியா இன்டர்நெட் விக்கப் போறவன்.

— அப்ப நான் எழுந்து நின்னுண்டு மேப்பை மறைச்சுக்கணும்.

— உக்காருங்க சார், பரவால்ல. அந்த மேப் எனக்கு மனப்பாடம். எங்க கேட்டுக்கு எதுக்கதானே தோண்டினீங்க? ஒரு மாசம் எங்க வீட்டு வாசல் மண்ணு மேடா கிடந்துச்சு. ஸ்கூட்டரை வெளிய எடுக்க முடியல. தோண்டினவங்களுக்கு டீ போட்டுக் குடுத்தது நாங்க. எட்டு ஜோடி போட்டீங்க, பேங்குக்காக. அதுல ஒண்ணுதான் எரியுது. மத்த ஏழும் இருட்டு. ஃபைபர் வந்து முடியற பொட்டிகூட எங்க காம்பவுண்ட் சுவத்துலதான் மாட்டியிருக்கீங்க. அங்கேர்ந்து எங்க ஹால் பதினஞ்சு அடி. நானே குழாய் விட்டு ஒயர் இழுத்து ரெடியா வெச்சிருக்கறேன்.

— இந்தப் பக்கம்?

— இந்தப் பக்கம் இதே பில்டிங் சார். உங்க தலைக்கு மேல மூணாவது மாடி. இன்டர்நெட் கேட்வே. அதுல எனக்குன்னு ஒரு போர்ட் போன வருஷமே சாங்ஷன் ஆயிடுச்சு, அது வேற டிவிஷன். அங்க போர்ட் ரெடி, இங்க ஹால் ரெடி. நடுவுல உங்க நூல் மட்டும் இல்ல. அந்த ஜன்னல்ல எட்டிப் பாருங்க, கறுப்புத் தண்ணி டேங்க் தெரியுதா? எங்க வீடு.

— தெரியறது. யாரோ துணி உலர்த்தறா.

— பெர்னதெத் சார். இன்னிக்கு ஸ்கூலுக்கு லீவு போட்டிருக்கா.

— இவ்வளவு கிட்டக்க இருக்கா! முதல் அப்ளிகேஷனுக்கு என்ன பதில் வந்தது?

— ‘டெக்னிக்கலி நாட் ஃபீசிபிள்.’

— ரெண்டாவதுக்கு?

— பாலிசி இன்னும் முடிவாகல, வெயிட் பண்ணுங்கன்னு. மூணாவதுக்கு, டிபார்ட்மெண்ட் கம்பெனியா மாறுது, மாறினப்புறம் எழுதுங்கன்னு. மாறினப்புறம் எழுதினேன். இது பழைய டிபார்ட்மெண்டுக்கு எழுத வேண்டிய விஷயம்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

— அதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்லை. செப்டம்பர் முப்பதாம் தேதி தூங்கப் போறச்சே நான் கவர்ன்மெண்ட். கார்த்தால எழுந்தா கம்பெனி. அதே நாற்காலி, அதே ஃபேன். நான் இப்போ அரசாங்க ஊழியனா, கம்பெனி ஆளா, இல்லை நடுவுல கம்பெனிக்குக் கடனாக் குடுத்திருக்கற ஆளான்னு கேட்டு மேல ஒரு கடுதாசி போட்டேன். போன வாரம் பதில் வந்தது.

— என்னான்னு?

— ‘உரிய நடவடிக்கைக்காக உரிய அதிகாரிக்கு அனுப்பப்படுகிறது.’ உரிய அதிகாரி யாருன்னு பாத்தா நான். என் கடுதாசி எனக்கே வந்திருக்கு. அதுக்கு நான்தான் பதில் போடணும். என்னன்னு போடறது?

— நாம ரெண்டு பேரும் ஒரே க்ளாஸ் சார். உங்களுக்கு வேலை இருக்குது, கம்பெனி எதுன்னு தெரியல. எனக்குக் கம்பெனி இருக்குது, வேலை எதுன்னு தெரியல. ரெண்டு வருஷமா ஒருத்தருக்குக்கூட இன்டர்நெட் குடுக்காத இன்டர்நெட் கம்பெனிக்கு நான் ஓனர்.

— ஒருத்தருக்குக்கூட இல்லையா?

— அறுபத்துமூணு பேர் பேரு குடுத்திருக்காங்க. அதுல பதினொரு பேர் பெர்னதெத் சொந்தக்காரங்க, மறுக்க முடியாம குடுத்தாங்க. மிச்ச அம்பத்திரெண்டு பேர் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வெளிய என்னைப் பாத்தா எதுத்த ஃபுட்பாத்துக்குப் போயிடறாங்க. பாவம், நான் வெக்கப்படக் கூடாதுன்னு.

— இதுல ஏன்யா இறங்கினேள்? கீழ கவுண்டர்ல நாங்களே இன்டர்நெட் பாக்கெட் போட்டு விக்கறோமே.

— அதான் சார் விஷயம். ரோடும் உங்களுது, பஸ்ஸும் உங்களுது. யார் வேணும்னாலும் பஸ் விடலாம்னு தொண்ணூத்தெட்டு நவம்பர்ல கவர்ன்மெண்ட் சொல்லிச்சு. நான் பீன்யாவுல ஒரு பம்ப் கம்பெனில ஸ்டோர்ஸ் கிளார்க். பதினாலு வருஷம் வால்வும் வாஷரும் எண்ணிக்கினு இருந்தவன். பேப்பர்ல அதைப் படிச்சுட்டு வேலையை விட்டேன். பஸ் வாங்கிட்டேன். ரோடு யாருதுன்னு கேக்க மறந்துட்டேன்.

— ரோடைக் குடுக்கணும்னு சட்டத்துல இருக்கோன்னோ?

— ‘குடுக்கலாம்’னு இருக்குது. ‘குடுக்கணும்’னு இல்ல. அந்த ஒரு எழுத்துலதான் சார் நான் ரெண்டு வருஷமா குடித்தனம் பண்றேன்.

— சரி, இன்னும் ஒரு மாசம் பொறுத்துக்கோங்கோ. நானே மேல பேசறேன்.

— ஒரு மாசம் இல்ல சார். எனக்கு மூணு மணி வரைக்கும்தான் டைம்.

— எந்த மூணு மணி?

— இன்னிக்கு மூணு மணி. லைசன்ஸ் வாங்கி ரெண்டு வருஷத்துக்குள்ள சர்வீஸ் ஆரம்பிக்கணும், இல்லேன்னா லைசன்ஸ் கேன்சல். அந்த ரெண்டு வருஷம் இன்னிக்கு முடியுது. மூணு மணிக்கு லைசன்ஸ் ஆபீஸர் எங்க ஹாலுக்கு வர்றாரு. என் மோடத்துல ஒரு லைட்டாவது எரியுதான்னு பாப்பாரு. எரியலேன்னா எழுதிக்கினு போயிடுவாரு.

— போனா போறது. வேற வேலை கிடைக்காதா உங்களுக்கு?

— கிடைச்சுடுச்சு சார், அதான் பேஜாரு. மஸ்கட்ல பெர்னதெத் அண்ணன் இருக்காரு, ஓஸ்வால்ட். அவரு கம்பெனி கோடவுன்ல எனக்கு ஸ்டோர் கீப்பர் வேலை. மறுபடியும் வாஷர். விசா வந்து ஒரு மாசமாச்சு.

— உங்காத்துல என்ன சொல்றா?

— அன்னிக்கே சொல்லிட்டா. ஹால்ல சோபாவைத் தூக்கி வெளிய போட்டுட்டு மோடம் ரேக்கை நிறுத்தின அன்னிக்கு. ‘டென்சில், ரெண்டு வருஷம் தர்றேன். அதுக்கு மேல மஸ்கட்.’ அவ்ளோதான். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை இல்ல. ரெண்டு வருஷமா அவ டீச்சர் சம்பளத்துல நான் சாப்புடறேன், ஒருநாள்கூடக் குத்திக் காட்டினது கிடையாது.

— அப்ப நல்ல மனுஷி.

— அதான் சார் தாங்க முடியல. மஸ்கட் போறதுக்கு எனக்கு பயம் இல்ல. நான் தோத்துட்டேன்னு அவ வாயைத் திறந்து சொல்லவே மாட்டா. சொல்லிட்டா சண்டை போட்டுக்கலாம். இன்னிக்குக் காலைல நான் கிளம்பச்சே என்னைப் பாத்து, ‘போய்ட்டு வா, மெதுவா வா, அவசரம் இல்ல’ன்றா. அவசரம் இல்லையாம்! மனசுல முடிவு பண்ணிட்டா சார், வேற என்ன? என் லைசன்ஸுக்கு மூணு மணிக்கு சாவு, அவ மெதுவா வான்றா.

— சித்த இருங்கோ. அழாதேங்கோ. தண்ணி குடிக்கறேளா? போட்டியாளருக்குத் தண்ணி குடுக்கலாமான்னு இன்னும் சர்குலர் வரலை, அதனால தாராளமாக் குடிக்கலாம்.

— தேங்க்ஸ் சார்.

— ஒரு வழி இருக்கு. போன வாரம் ஒரு ஆர்டர் வந்திருக்கு. அரை கிலோமீட்டருக்குள்ள, உபயோகத்துல இல்லாத டார்க் ஃபைபரா இருந்தா, நானே ஒரு ஜோடி சாங்ஷன் பண்ணலாம். மேல போக வேண்டாம்.

— சார்! இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?

— முதல்ல நீங்க கத்தல்னுதானே வந்தேள். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. ஆர்டர்ல டார்க் ஃபைபர்னு போட்டிருக்கு. உங்க ஃபைபர் இப்ப எரியறது.

— நீங்கதானே எரிய விட்டீங்க!

— யார் விட்டா என்ன? எரியற ஃபைபர்னா அது உபயோகத்துல இருக்கற ஃபைபர். ரூல்படி கமிட்டிக்குப் போகணும். கமிட்டி போடறதுக்கே இன்னும் கமிட்டி போடலை.

— மீதி ஆறு ஜோடி இருட்டுலதானே இருக்குது? அதுல ஒண்ணு குடுங்க.

— உங்க சுவத்துப் பொட்டியில வந்து முடியறது அந்த ஒரு ஜோடிதான். மத்ததெல்லாம் நேரா பேங்குக்குப் போயிடறது. இதோ மேப்ல பாருங்கோ... பாக்கப்படாது. நான் சொல்றேன், நம்புங்கோ.

— அப்ப அதை அணைச்சுடுங்க.

— ரிப்பேர் ஆனதை எப்படி ரிப்பேர் ஆகலைன்னு சொல்றது? அதுக்கு நீங்க எழுதிக் குடுக்கணும்.

— என்னா எழுதணும்? லெட்டர்னா நமக்குப் புதுசா? பேப்பர் குடுங்க. இங்கிலீஷ்ல சும்மா வெளுத்து வாங்கறேன்.

— வாசிச்சுண்டே எழுதுங்கோ. தமிழ்ல சொல்லுங்கோ, எனக்கும் புரியட்டும்.

— ‘மதிப்புக்குரிய ஐயா. என் ஃபைபர் இருட்டாக உள்ளது என்று நான் ஒருபோதும் புகார் செய்யவில்லை. அது இருட்டாக இருப்பதில் எனக்குப் பூரண திருப்தி.’

— பேஷ். ‘பூரண’ நன்னாருக்கு.

— ‘என் அனுமதியின்றி ஏற்றப்பட்ட விளக்கை உடனே அணைத்து, முன்போல் இருளாக்கித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, டென்சில்.’

— கையெழுத்து? தேதி? ஆச்சு. ஓரத்துல நானும் ‘உடனே அணைக்கவும்’னு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. இன்டர்காம்ல கூப்பிடறேன். ஹலோ, சின்னப்பாவா? காலம்பற காக்ஸ் டவுன்ல ஒரு ஃபைபருக்கு லைட் போட்டியே... அதேதான். அதை அணைச்சுடு... ஏன்னு கேக்காதே. கஸ்டமரே எழுதிக் குடுத்திருக்கார், என் ஆர்டரும் இருக்கு... ஆமா, இப்பவே. அணைச்சுட்டுக் கீழ வா.

— சார், உங்களுக்குக் கோயில் கட்டணும்.

— ஒரு கையெழுத்துக்கு எதுக்கு கோயில்? இதோ சாங்ஷன் லெட்டர். டார்க் ஃபைபர், ஒரு ஜோடி, ஒரு வருஷம். கையெழுத்துப் போட்டாச்சு. ஸீல் எங்க? இதோ. இங்க் பேட்... ஐயையோ.

— என்னா சார்?

— ஸீல்ல ‘டிபார்ட்மெண்ட்’னு இருக்கு.

— இருந்தா?

— அந்த டிபார்ட்மெண்ட்தான் இல்லையே! செப்டம்பரோட போயிடுத்து. இல்லாத டிபார்ட்மெண்ட் எப்படி சாங்ஷன் பண்ணும்? கம்பெனி ஸீலுக்கு எழுதிப் போட்டிருக்கேன். திங்கக்கிழமை வரும்னா.

— சார், இன்னிக்கு மூணு மணி!

— தெரியறது. ஆனா ஸீல் இல்லாம லெட்டர் செல்லாது. ரூல்படி...

— கதவுல யாரு?

— நான்தான் சார், சின்னப்பா. மேடம் வேலை ஆச்சு, ஆஃப் பண்ணிட்டேன். ஆனா யாக்கே சார், எதுக்கு? காலைலதானே ஸ்வல்ப கஷ்டப்பட்டு ஆன் பண்ணேன். ஓ, டென்சில் அண்ணாவா! நமஸ்காரா அண்ணா. நீங்களே அணைக்கச் சொன்னீங்களா?

— ஆமாப்பா. வெறும் டெஸ்ட் லைட்தானே.

— டெஸ்ட் எல்லாம் பத்து மணிக்கே முடிஞ்சுது அண்ணா. அப்புறம்தான மூணாவது மாடில உங்க பேர்ல இருக்கற போர்ட்ல மாட்டினேன். ஒரு வருஷமா சும்மா தூசு பிடிச்சு இருந்தது.

— போர்ட்ல மாட்டினியா? சின்னப்பா, யாரைக் கேட்டு மாட்டினே?

— டாக்கெட்ல இருந்தது சார். ரெண்டாவது லைன் பாருங்க. ‘ஃபைபர் கத்தலு, நெட் பர்த்தா இல்லா.’

— அதைப் பாத்தேன். பர்த்தா இல்லைன்னா, ஆத்துல புருஷன் இல்லாத நேரத்துல வரச் சொல்றான்னு நெனச்சேன்.

— இல்ல சார், நெட் வரலைன்னு அர்த்தம். லைட் வந்தா மட்டும் போதுமா? நெட் வந்தாத்தான கம்ப்ளெயிண்ட் க்ளோஸ் பண்ணலாம்?

— சின்னப்பா. இரு. நெட் வந்துதா? எங்க வீட்டுல?

— வந்தது அண்ணா, நானே வீட்டுக்குப் போய்ப் பாத்தேன். ஹால்ல உங்க பொட்டிங்க ஒண்ணொண்ணா கண்ணு முழிச்சுது, மேலேர்ந்து கீழ வரைக்கும் பச்சை. அக்கா கம்ப்யூட்டர்ல மஸ்கட் அண்ணனுக்கு ஏதோ அடிச்சாங்க, ஒரே நிமிஷத்துல பதில். எனக்கு பிளம் கேக் குடுத்தாங்க.

— சார், நான் என் லெட்டர்ல நெட் வரலைன்னு எழுதவே இல்லையே. டார்க் ஃபைபர் வேணும்னுதானே எழுதினேன்?

— எந்த லெட்டர் அண்ணா? இது 198 டாக்கெட். போன்ல வர்ற கம்ப்ளெயிண்ட். லெட்டருங்க எல்லாம் வேற ரூம். கம்பெனி ஆனதுலேர்ந்து அந்த ரூமைத் தொறக்கறது யாருன்னு இன்னும் முடிவாகல.

— போன் யாரு பண்ணாங்க?

— அக்காதான். இருபத்தோரு நாளா, தினம் ஸ்கூல் ரிசெஸ்ல. நம்ம சுந்தரம்தான் 198ல உக்காருவான். போனை எடுத்தா, ‘நமஸ்காரா சுந்தரம், ஃபைபர் கத்தலு’ம்பாங்க. அவன் டாக்கெட் போடுவான், சாயந்தரம் க்ளோஸ் பண்ணுவான், மறுநாள் மறுபடியும். அவன் வீட்டுப் பசங்க என்ன படிக்குதுன்னுகூடக் கேட்டு வெச்சிருக்காங்க. நேத்து சுந்தரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டான். ‘சின்னப்பா, அந்த மேடத்துக்கு எதையாவது எரிய விட்டுட்டு வா. எது எரிஞ்சாலும் பரவால்ல’ன்னான்.

— பெர்னதெத்தா? அவ மஸ்கட்டுக்குப் போகணும்னுதானே...

— அது கொத்தில்லா அண்ணா, எனக்குத் தெரியாது. ஒண்ணு சொன்னாங்க. ‘எங்க வீட்டுக்காரரு ரெண்டு வருஷமா லெட்டர் எழுதறாரு சின்னப்பா. தப்பே இல்லாம எழுதறாரு. அதான் யாரும் வரல. லைட் வந்துடுச்சுன்னு அவருகிட்ட சொல்லாதே. மெதுவா வரட்டும். ஹாலுக்குள்ள வந்து அவரே பாக்கட்டும்’னு.

— மிஸ்டர் டென்சில்? மிஸ்டர் டென்சில், இன்னொரு க்ளாஸ் தண்ணி?

— மணி என்ன சார்?

— ஒண்ணே கால்.

— சின்னப்பா, ஓடுப்பா. மறுபடி ஆன் பண்ணுப்பா.

— எப்படி அண்ணா? அணைக்கச் சொல்லி சார் ஆர்டர் இருக்குது. டாக்கெட் இல்லாம நான் இனிமே அதுல கை வெச்சா என் வேலை போயிடும்.

— சரி, நான் இப்பவே கம்ப்ளெயிண்ட் குடுக்கறேன். எழுதிக்கங்க சார். என் ஃபைபர் இருட்டா இருக்குது.

— அது இருட்டாக இருப்பதில் உங்களுக்குப் பூரண திருப்தின்னு இதோ இருக்கே. உங்க கையெழுத்து, இன்னித் தேதி. இதை வெச்சுண்டு நான் எப்படி உங்க கம்ப்ளெயிண்டை எடுக்கறது?

— கிழிச்சுடுங்க!

— நம்பர் போட்டாச்சு. நம்பர் போட்ட காகிதத்தைக் கிழிக்க எனக்கு அதிகாரம் இருக்கான்னு கேட்டா, அந்தக் கேள்வியும் எனக்கேதான் திரும்பி வரும். ஒண்ணு வேணா சொல்றேன். போன்ல வர்ற கம்ப்ளெயிண்டுக்கு ஸீல் வேண்டாம், சாங்ஷன் வேண்டாம். ஆனா உங்க வாயால வரப்படாது. அந்த வீட்டுல வேற யாராவது பண்ணணும்.

— பெர்னதெத் பண்ணணும். அவகிட்ட என்னான்னு சார் சொல்லுவேன்? இருபத்தோரு நாள் நீ தொங்கித் தொங்கி வாங்கின லைட்டை, நான் வந்து அழகா ஒரு லெட்டர் எழுதி அணைச்சுட்டேன்னா?

— சார், போன் அடிக்குது. அக்காவாத்தான் இருக்கும். மறுபடி ப்ராப்ளம்னா சுந்தரம் வேணாம், நேரா சாருக்கே பண்ணுங்கன்னு உங்க நம்பரைக் குடுத்துட்டு வந்தேன்.

— ராகவன் சார், ப்ளீஸ். நான் இங்க இருக்கறேன்னு மட்டும் சொல்லாதீங்க.

— ஹலோ... ஆமாம்மா, சீனிவாசராகவன்தான்... நமஸ்காரா... கத்தலுவா? புரியறதும்மா, நன்னாப் புரியறது, இருட்டு... டாக்கெட் நானே என் கையால எழுதிண்டாச்சு, சின்னப்பா மாடிப்படி ஏறிண்டிருக்கான், ஓடுடா... ரெண்டு மணிக்குள்ள வந்துடும்... அணைச்சது யாரா? அது வந்து... எலிம்மா... ஆமா, ஒரே ஒரு எலிதான்... சே சே, சாகலைம்மா, இதோ என் எதிர்ல உக்காந்து கண்ணைத் துடைச்சுண்டிருக்கு.